தண்ணி காட்டிய வீடு

மே 1, புதன்

நாட்டு மக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கப்படுவது: இன்று காலை ஏழு நாற்பது மணிக்கு எங்கள் வீட்டுப் பற்பசை, நெடுநாள் பிதுக்கலுக்கும் ஒரு முறை கத்தரிக்கோல் சிகிச்சைக்கும் பிறகு, காலமானது. துக்கம் அனுசரிக்கும் விதமாக யுகேந்திரனாகிய நான் பல் துலக்கவில்லை. மூடிக்கு மட்டும் அரசு மரியாதை செய்து ஜன்னல் வழியே அனுப்பி வைத்தேன்.

அடுத்த செய்தி. இந்த டைரியை எனக்குக் கொடுத்தது என் அக்கா தாரணி. பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள், வேலையை விட்டுவிட்டு ஏழு மாதமாக வீட்டு புரோக்கராக இருக்கிறாள். வாடகைக்கு நிறைய வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறாள். விற்பனை ஒன்றுகூட முடியவில்லை. மே மாதம் முடியட்டும், அதற்கப்புறம் மறுபடியும் கம்பெனிக்குப் போய்விடு என்று அப்பா சொல்லிவிட்டார்.

பிளஸ் ஒன் முடித்து லீவில் சும்மா கிடக்கிற நான் அவளுக்கு உதவியாளன். வீட்டைத் திறந்து கூட்டி, ஜன்னலைத் திறந்து வைத்து, எந்த வீட்டில் என்ன பார்த்தேன் என்று தினமும் இதில் எழுத வேண்டும். அறம், பொருள், இன்பம், வீடு என்று தமிழ் ஐயா நாலு சொல்லிக் கொடுத்தார். நாலாவதைத்தான் அக்கா விற்கிறாள். முதலாவது கையிருப்பில் இருக்கிறதா என்று வீடு வாங்க வரும் எந்தப் பார்ட்டியும் கேட்பதில்லை.

மே 3, வெள்ளி

குறிஞ்சி நகர் மூன்றாவது தெரு வீடு. சொந்தக்காரர் தண்டபாணி சார். முதலீடு என்று மூன்று வீடு வாங்கிப் போட்டிருக்கிறார். மூன்றிலும் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை. இந்த வீட்டுக்குக் கரண்ட் பில் கட்ட மறந்து பீஸைப் பிடுங்கியிருந்தார்கள். நேற்றுதான் கரண்ட் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்ட்டி வருகிறார்கள், எல்லாம் ஓடுகிறதா பார் என்று அக்கா என்னை அனுப்பினாள்.

கூட்டினேன். ஒட்டடை அடித்தேன். ஊதுபத்தி ஏற்றவில்லை. ஊதுபத்தி வாசம் வந்தால் எந்த நாற்றத்தை மறைக்கிறார்கள் என்று பார்ட்டி மூக்கைத் தூக்கும். இது அக்காவின் கண்டுபிடிப்பு.

லைட்: எரிகிறது. ஃபேன்: சுற்றுகிறது. சமையலறை மேற்குச் சுவர்: மழைக்கு ஊறிய தடம். மோட்டார்: நன்று.

மாடிப்படிக்கு அடியில் சுவிட்சுகளின் மேல் ஸ்டிக்கர் கோணலாக இருந்தது. ஒட்டினேன்.

மே 5, ஞாயிறு

வெற்றி. முழுதாக எழுதுகிறேன்.

பார்ட்டி: ரேவதி அக்கா, அவர் கணவர் குமரேசன் அண்ணன். இட்லி மாவு அரைத்து விற்கிறார்கள். ரேவதி அக்கா அரைப்பார். அண்ணன் பாக்கெட் போட்டு மொபெட்டில் கடை கடையாகக் கொடுப்பார். ஒன்பது வருடம் சேர்த்தது, நகை, பேங்க் லோன் எல்லாம் சேர்த்து ஒரே ஒரு வீடு. இது தப்பினால் இன்னொரு வீடு அவர்கள் வாழ்க்கையில் கிடையாது.

அக்கா பார்ட்டியைக் கூட்டி வரும் நேரம் பதினொரு மணி. இந்த வீட்டு ஹாலில் அப்போதுதான் வெயில் நன்றாக விழும். ஆனால் ஹாலைக் காட்டுவதற்கு முன்னால் அவர்களை நேராகச் சமையலறைக்குக் கூட்டிப் போய் ஊறிய சுவரைக் காட்டினாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அவளுடைய முறை அது. குறையை நாமே சொன்னால் அது விலையில் குறையும், அவர்களே கண்டுபிடித்தால் அது நம்மேல் விழும் என்பாள்.

ரேவதி அக்கா சுவரை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, பூசிக்கொள்ளலாம் என்றார். அப்புறம் கேட்டார்.

"செவுரு கெடக்குதுங்க தாரணி. தண்ணி எப்படீங்க? எனக்கு அரிசி களைய, கிரைண்டர் கழுவ, ட்ரம் கழுவன்னு ஓயாம வேணும். குடிதண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா வர்றத நம்பி நான் தொழில் பண்ண முடியாது. போர்ல வந்தாத்தான்."

"வாய்ல சொல்றதுக்கு எதுக்குங்க்கா. போட்டே காட்டறேன்," என்று அக்கா போர் சுவிட்சைத் தட்டினாள்.

கொல்லைக் குழாயில் தண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா செல்போனில் மணி பார்த்து அரை மணி நேரம் ஓட விட்டாள். ஒரு சொட்டுக் குறையவில்லை. ரேவதி அக்கா கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தார். முகம் மாறிப்போனது.

"உப்பே இல்லீங்களே. பாருங்க, குடிச்சுப் பாருங்க," என்று கணவருக்கும் ஒரு கை பிடித்துக் கொடுத்தார்.

நான் படிக்கு அடியில் நின்று மனதுக்குள் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டேன்.

மே 6, திங்கள்

ரேவதி அக்கா வீட்டிலிருந்து போன். பிடித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை டோக்கன் அட்வான்ஸ்.

இந்தத் தொழிலில் கஷ்டம் என்று எதைச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. ஏழு மாதமாக அக்கா முட்டி மோதியும் நடக்காதது, நான் ஒரு மணி நேரம் கை வைத்ததும் நடந்துவிட்டது. வருங்காலத்தில் புரோக்கர்களுக்காக நான் ஒரு புத்தகம் எழுதினால் முதல் பக்கத்தில் இப்படிப் போடுவேன்: பத்திரம் பார்ப்பது, வில்லங்கம் போட்டுப் பார்ப்பது எல்லாம் சாதாரண மூளை. வீட்டையே நடிக்க வைப்பதுதான் கலை.

எப்படி நடிக்க வைத்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அக்கா இதை எப்போது வேண்டுமானாலும் வாங்கிப் படிப்பாள்.

மே 10, வெள்ளி

வளர்பிறை வெள்ளி, நல்ல நேரம். வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டில் டோக்கனை வைத்து ரேவதி அக்கா தண்டபாணி சாருக்குக் கொடுத்தார். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அக்ரிமென்ட் இருபதாம் தேதி. என் அக்கா கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எல்லாருக்கும் காபி கொடுத்தபோது ரேவதி அக்கா சொன்னார், இப்போது இருக்கிற வாடகை வீட்டைக் காலி பண்ணுவதாகச் சொல்லிவிட்டார்களாம். ஹவுஸ் ஓனர் அடுத்த மாதத்துக்கு வேறு ஆளும் பார்த்துவிட்டாராம்.

தண்டபாணி சாரிடம் நான் விளையாட்டாகக் கேட்டேன், இந்த வீட்டை எப்போது வாங்கினீர்கள் என்று. நவம்பரில் என்றார். போர் மோட்டாரைப் போட்டுப் பார்த்தீர்களா என்றேன். பார்த்தோம், அருமையாக வந்தது என்றார். நவம்பரில் எல்லா போரிலும்தான் அருமையாக வரும். வீடு பார்க்கிறவன் மே மாதத்தில் பார்க்க வேண்டும்.

எனக்கு வயிறு சரியில்லை. டோக்கனுக்கு வாங்கிய மெதுவடைதான் காரணம்.

மே 11, சனி

வடை காரணம் இல்லை.

அம்மா இட்லி மாவு வாங்கி வரச் சொன்னார். பக்கத்தில் கடை இருந்தும் ரேவதி அக்கா வீடு வரைக்கும் சைக்கிள் மிதித்தேன். ஏன் என்று தெரியவில்லை. வாசல் முழுக்க நீல ட்ரம். பதினோரு ட்ரம், எண்ணிப் பார்த்தேன். ஹவுஸ் ஓனர் காலை ஒன்பது மணிக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவாராம். அதற்குள் ரேவதி அக்கா குடம் குடமாக எல்லாவற்றையும் நிரப்பி வைக்க வேண்டும். மணிக்கட்டில் ஒரு துணி கட்டியிருந்தார். குடம் தூக்கிச் சுளுக்காம், இரண்டு வருடமாக.

மாவுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். "அங்க போயிட்டா மொத வேலையா இந்த ட்ரம்மெல்லாம் பழைய சாமான்காரனுக்குப் போட்டர்றேன் கண்ணு," என்றார்.

இன்றிலிருந்து இந்த டைரி அக்காவுக்குக் கிடையாது. அவளுக்குக் காட்ட வேறு நோட்டுப் போட்டுவிட்டேன். இது என் துணிகளுக்கு அடியில் இருக்கும். எனவே எழுதுகிறேன்.

அந்த வீட்டில் இரண்டு மோட்டார். ஒன்று போரில். இன்னொன்று, பத்து நாளைக்கு ஒரு முறை வரும் குடிதண்ணீரைப் பிடித்து வைக்கிற நிலத்தொட்டியில். இரண்டுமே ஒரே குழாய்க்குத்தான் வருகிறது. சுவிட்சுகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் மேல் 'போர்' என்று ஸ்டிக்கர், மற்றதன் மேல் 'தொட்டி'.

மூன்றாம் தேதி நான் போரைப் போட்டேன். இருமியது. மூன்று குடம் தண்ணீர் வந்தது. அப்புறம் வெறும் காற்று. கால் மணி நேரம் கழித்துப் போட்டேன். காற்று. தொட்டி மட்டும் ஆள் இல்லாத வீட்டில் மாதக்கணக்காகச் சேர்ந்து ததும்பிக்கொண்டிருந்தது.

ஸ்டிக்கரை மாற்றி ஒட்டினேன். அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை. அக்கா தட்டியது தொட்டி மோட்டாரை. அக்காவுக்கே தெரியாது. ரேவதி அக்கா குடித்துப் பார்த்து உப்பே இல்லை என்று சந்தோஷப்பட்டது ஆற்றுத் தண்ணீர்.

நல்ல வேடிக்கை என்று நினைத்தேன். கடைசி நிமிடத்தில் சொல்லிச் சிரிக்கலாம் என்றுகூட இருந்தது. எது கடைசி நிமிடம் என்று தெரியாமல் டோக்கன் கைமாறிவிட்டது.

மே 13, திங்கள்

சொல்லாமலே கலைத்துவிடத் திட்டம் ஒன்று. குமரேசன் அண்ணன் மாவு போட வரும் மளிகைக் கடையில் காத்திருந்து, குறிஞ்சி நகர் வீட்டில் சாயங்காலமானால் கொலுசுச் சத்தம் கேட்பதாக அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

அவர் பாக்கெட்டை எண்ணுவதை நிறுத்தவே இல்லை. "நல்லதாப் போச்சு தம்பி. மாவு பாக்கெட் போட ஆள் கெடைக்காமத்தான் தவிக்கறோம்."

மே 14, செவ்வாய்

புதுத் திட்டம். இதில் நான் வாயே திறக்க வேண்டாம். ரேவதி அக்கா வியாழக்கிழமை மேஸ்திரியுடன் குறிஞ்சி நகர் வீட்டைப் பார்க்க வருகிறார். கிரைண்டர் மேடைக்கு அளவெடுக்க வேண்டுமாம். இன்று சாவி வாங்கிப் போய் ஸ்டிக்கர் இரண்டையும் பழையபடி மாற்றிவிட்டேன். வியாழன் அன்று யாராவது 'போர்' சுவிட்சைத் தட்டினால் போதும். போரே இருமி உண்மையைச் சொல்லிவிடும். நான் அப்போது ஆச்சரியப்பட வேண்டும். கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டேன்.

மே 16, வியாழன்

மேஸ்திரி அளவெடுத்தார். ரேவதி அக்கா எங்கே கிரைண்டர், எங்கே அரிசி மூட்டை, எங்கே சாமி படம் என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டார். ஒரு மணி நேரம் யாரும் மாடிப்படி பக்கமே வரவில்லை.

கடைசியில் நானே கேட்டேன். "மோட்டார் ஒருக்கா போட்டுப் பாத்தர்லாங்களாக்கா?"

"எதுக்கு கண்ணு, தண்ணி வீணா. அன்னிக்கே பாத்தாச்சே."

"இல்லீங்க்கா, இருந்தாலும்."

"உங்க அக்கா, நான் கேக்கறதுக்கு முன்னாலயே ஒழுகற செவுத்தக் காட்டுனவ. அவ போட்டுக் காட்டுனா அது போதும் எனக்கு," என்றார். என் அக்காவும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்தாள்.

கையெட்டும் தூரத்தில் சுவிட்சு. நானே தட்டியிருக்கலாம். மேஸ்திரிக்கு டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

மே 17, வெள்ளி

இன்று ஒரு கிண்டலும் வரவில்லை.

மே 19, ஞாயிறு

மத்தியானம் சாப்பிடும்போது அப்பா, "நாளைக்கு முடிஞ்சுதுன்னா கம்பெனிப் பேச்ச விட்டரலாம்," என்று அக்காவிடம் சொன்னார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்து வருடக்கணக்காகிறது. அக்கா தட்டைப் பார்த்தபடியே தலையாட்டினாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

சாப்பிட்டு முடித்து அவள் அக்ரிமென்ட் நகலை விரித்து வைத்துப் பேனாவால் வரி வரியாகப் பார்த்தாள். நாலெல்லை, அளவு, சர்வே நம்பர், கதவு நம்பர். தாய்ப் பத்திரத்தோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டாள். நாலெல்லையில் ஒரு பெயர் தப்பாக இருந்ததைப் பிடித்துவிட்டாள். முப்பது வருட வில்லங்கத்தையும் ஒரு தடவை திரும்பப் படித்தாள். எல்லாம் சுத்தம்.

"எதாவது விட்டுட்டனாடா?" என்று என்னிடம் கேட்டாள்.

"இல்லையே," என்றேன்.

அந்த வீட்டில் வில்லங்கம் இருந்தது. அது அந்தக் காகிதத்தில் வராது. எதிரே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தது.

மே 20, திங்கள்

வரலாற்றில் பொறிக்க வேண்டிய நாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பதே காலுக்குப் பத்திர எழுத்தர் ஆபீஸ். எழுத்தர், தண்டபாணி சார், ரேவதி அக்கா, குமரேசன் அண்ணன், என் அக்கா, நான். பத்தரைக்கு எமகண்டம் என்பதால் அதற்குள் கையெழுத்தாக வேண்டும். வழக்கப்படி எழுத்தர் அக்ரிமென்டைச் சத்தமாகப் படித்தார். நாலெல்லைக்குள் இருக்கும் வீடு, அதன் கதவு ஜன்னல்கள், மின் இணைப்பு என்று படித்துக்கொண்டே வந்தவர், "மேற்படி இடத்திலுள்ள ஆழ்துளைக் கிணறு, அதில் பொருத்தப்பட்டுள்ள மோட்டார் சகிதம்" என்ற இடத்துக்கு வந்தார். ரேவதி அக்கா அந்த வரிக்கு மட்டும் தலையாட்டினார்.

அப்போது நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் சரிந்தது. "நிறுத்துங்கள்" என்றேன். மின்விசிறிகூட ஒரு கணம் தயங்கியது. எழுத்தரின் மூக்குக்கண்ணாடி இறங்கியது. "அந்தப் போரில் தண்ணீர் இல்லை. ஸ்டிக்கரை மாற்றியவன் நான். தண்டனை எதுவானாலும் என் ஒருவனுக்கே" என்று கணீரென்று சொன்னேன். தண்டபாணி சார் வாயடைத்துப் போனார். ரேவதி அக்கா கண்ணீருடன் என் தலையில் கை வைத்தார். அக்கா, இப்படி ஒரு தம்பி கிடைக்க என்ன தவம் செய்தேனோ என்பது போலப் பார்த்தாள்.

அக்ரிமென்ட் நின்றது. ஒரு குடும்பம் தப்பியது. தப்பு செய்தவன் தானே முன்வந்து ஒப்புக்கொள்வது எவ்வளவு பெரிய வீரம் என்பதை இந்த ஊர் இன்று கண்டது.

அதே நாள், மாலை ஆறு மணி

மேலே உள்ளதை நாலு தடவை படித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த நாற்காலி சரிகிற இடத்தில் காது சுடுகிறது.

நான் எழுந்திருக்கவில்லை. எழுத்தர் அந்த வரிக்கு வந்தபோது நான் அந்த அறையிலேயே இல்லை. ஆபீஸுக்குப் பின்னால் இருக்கும் கக்கூஸில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டு முடித்ததும் வெளியே வரலாம் என்று கணக்கு. படித்தது தகரக் கதவு வழியாகக் கேட்டது. ரேவதி அக்கா தலையாட்டினாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆட்டியிருப்பார்.

அக்கா வந்து கதவைத் தட்டினாள். அவள் வாழ்க்கையில் முதல் விற்பனை, கையெழுத்துப் போடுவதை நான் போட்டோ எடுக்க வேண்டுமாம். "வாடா, நேரம் போகுது," என்றாள். நான் வரவில்லை. வயிற்று வலியா என்றாள். இல்லை என்றேன். அப்புறம் கதவைத் திறக்காமலே சொன்னேன். கணீரென்று இல்லை. மூக்கு ஒழுக, இரண்டு தடவை விட்டு விட்டு. முதல் தடவை அவளுக்குப் புரியவே இல்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் செருப்புச் சத்தம் திரும்பிப் போவது மட்டும் கேட்டது.

அக்கா கையெழுத்துப் போட விட்டிருந்தால், அவளுக்கு முன்பே தெரியும் என்பது யாருக்கும் தெரிந்திருக்காது. சுவரில் கடிகாரம் இருந்தது, பேனா மேசைமேல் இருந்தது, அப்பா சொன்னது நேற்று மத்தியானம்தான். நான் வெளியே வந்து கதவோரம் நின்றபோது அக்கா பேசிக்கொண்டிருந்தாள்.

"ரேவதியக்கா, கையெழுத்துப் போடாதீங்க. போர்ல தண்ணி இல்லீங்க. அன்னிக்கு நான் போட்டுக் காட்டுனது தொட்டி மோட்டாரு. நான் சரியாப் பாக்கல. என்ற தப்புங்க."

என் பெயர் வரும் வரும் என்று நின்றேன். வரவில்லை.

ரேவதி அக்கா ஒன்றும் கத்தவில்லை. "உன்னைய நம்பித்தான தாரணி," என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டுவிட்டார். குமரேசன் அண்ணன் பேனாவை மூடி வைத்தார். தண்டபாணி சார்தான் மேசையைத் தட்டினார். எல்லா வீட்டிலும் இப்படித்தான், வேறு புரோக்கர் பார்த்துக்கொள்கிறேன், டோக்கன் பேச்சே கிடையாது என்றார். டோக்கனைத் திருப்பி வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று அக்கா அந்த நாற்காலியிலேயே எமகண்டம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு அவர் முனகிக்கொண்டே பணம் எடுத்து வர ஆள் அனுப்பினார். அங்கிருந்து நேராக ரேவதி அக்காவின் ஹவுஸ் ஓனர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று கெஞ்சினாள். இன்னும் இரண்டு மாதம் இருந்துகொள்ளலாம், அதற்கு மேல் முடியாது என்றார்.

ரேவதி அக்கா என் தலையில் கை வைத்தது மட்டும் நிஜம். ஆனால் கண்ணீருடன் இல்லை, மன்னித்தும் இல்லை. கிளம்பும்போது என்னைப் பார்த்துவிட்டு, "பையன் மொகமே செத்துப் போச்சு, வெயிலு. அவனுக்கு எளநி வாங்கிக் குடு," என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா வாங்கியும் கொடுத்தாள். இப்போது அடுத்த அறையில் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அங்கேயும் "நான் சரியாப் பாக்கலப்பா" என்றுதான். நான் இங்கே கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பற்றி வீர வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா கம்பெனி மேனேஜர் நம்பரைத் தேடுகிறார்.

அந்த அறைக்கு எட்டு அடிதான். இந்தத் தடவை நடுவில் கதவுகூட இல்லை, வெறும் திரைச்சீலை. பேனாவை மூடி வைக்கிறேன்.